ஆறு இலக்கத்தின் விலை

மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வட்ஸ்அப் பாவிக்கிற எவருக்கும் இப்படி ஒரு செய்தி வரலாம்: “அன்ட்டி, தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்திருக்கும். கொஞ்சம் அனுப்புறீங்களா?” கேட்பவர் தெரிந்தவர்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை, கோயில் குழுவில் இருக்கும் ஒருவர், இல்லாவிட்டால் டோஹாவில் வேலை செய்யும் மருமகன். பெயர் சரி, படம் சரி. கோட்டும் உண்மையிலேயே வந்திருக்கிறது, ஆறு இலக்கம். அனுப்பிவிடுகிறார்கள். சில நிமிடங்களில் அவர்களுடைய வட்ஸ்அப் அவர்களுடைய போனிலேயே வேலை செய்யாமல் போகிறது. பிறகு அவர்களுடைய பெயரில், அவர்களுடைய படத்தோடு, தெரிந்த எல்லோருக்கும் ஒரே கோரிக்கை போகிறது: அவசரம், இந்தக் கணக்கில் காசு போட்டுவிடுங்கள், நாளைக்குத் தருகிறேன்.

இந்தக் களவுக்குக் கணினி மேதை எவரும் தேவைப்படவில்லை. போனை யாரும் உடைக்கவில்லை, வைரஸ் அனுப்பவில்லை. வட்ஸ்அப் கணக்குக்கு அடையாளம் தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். யாரும் தன் போனில் வட்ஸ்அப்பை நிறுவி உங்கள் இலக்கத்தைப் பதியலாம். அப்போது, அந்த இலக்கம் உண்மையில் யாருடையது என்று பார்க்க வட்ஸ்அப் ஓர் ஆறு இலக்கக் குறியீட்டை அந்த சிம்முக்கு அனுப்பும். அதைச் சொல்பவர்தான் உரிமையாளர். திருடன் பதிந்தது உங்கள் இலக்கத்தை. கோட் வந்தது உங்கள் சிம்முக்கு. அதை நீங்கள் அனுப்பியது திருடனுக்கு. செய்தி அனுப்பிய மருமகனின் கணக்கும் அதே வழியில் முன்னரே பறிபோனதுதான்.

2006இல் தொடங்கப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழு, அதாவது ஸ்ரீலங்கா சேர்ட், இந்த மோசடி பற்றிப் பலமுறை எச்சரித்துவிட்டது. தடுக்கும் வழியும் பழையது. வட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்பு வசதி 2017இலேயே வந்தது. அதை இயக்கி ஆறு இலக்க பின் ஒன்றை வைத்துவிட்டால், கோட் பறிபோனாலும் கணக்கு போகாது. ஏற்கெனவே போய்விட்டதென்றால், உங்கள் போனில் மீண்டும் உங்கள் இலக்கத்தைப் பதிந்து புதிய கோட்டைக் கொடுங்கள், திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இதற்கிடையில் தன் பின்னை வைத்திருந்தால், அது இல்லாமல் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் அவனாலும் அந்தக் கணக்கைப் பாவிக்க முடியாது.

சுவர் எங்கே பலம்?

போன் பாதுகாப்பு என்றதும் நமக்கு வைரஸ்தான் நினைவுக்கு வருகிறது. அது பழைய மேசைக் கணினிக் காலத்துப் பயம். இன்றைய போனின் உள்ளமைப்பு வேறு. கொழும்பு வடக்கில் ‘தோட்டம்’ என்று சொல்லும் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. தண்ணீர்க் குழாய் மட்டும் பொது. அண்ட்ரொய்ட்டிலும் ஐபோனிலும் ஒவ்வொரு செயலியும் அப்படித்தான் குடியிருக்கிறது. அண்ட்ரொய்ட் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனிப் பயனர் எண்ணைக் கொடுத்து, ஒன்றின் கோப்பை மற்றொன்று திறக்க முடியாதபடி வைக்கிறது. கேம் விளையாடும் செயலியால் வங்கிச் செயலியின் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. கெமரா, மைக், தொடர்புப் பட்டியல், இருப்பிடம் போன்ற பொதுவானவற்றைத் தொட வேண்டுமென்றால் உங்களிடம் கேட்க வேண்டும். அண்ட்ரொய்ட்டில் பாவிக்கும் நேரத்திலேயே அப்படி அனுமதி கேட்கும் முறை 2015இல் ஆறாம் பதிப்போடு வந்தது.

பூட்டுத் திரையும் அப்படியே பலப்பட்டிருக்கிறது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ் முதல், கடவு எண்ணைச் சரிபார்க்கும் வேலை ஒரு தனிப் பாதுகாப்புப் பகுதியிடம் இருக்கிறது. அங்கே ஒரு முயற்சிக்கு ஏறத்தாழ 80 மில்லிசெக்கன் பிடிக்கும்படி வேண்டுமென்றே கணக்கை மந்தமாக்கியிருக்கிறார்கள். நான்கு இலக்கத்தில் 10,000 சேர்க்கைகள். இந்த வேகத்தில் அத்தனையையும் பார்க்க 13 நிமிடம் போதும். ஆறு இலக்கத்தில் பத்து இலட்சம். 22 மணி நேரம். அதற்கும் மேலாக, சில பிழையான முயற்சிக்குப் பிறகு காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். ஆகவே நடைமுறையில் ஆறு இலக்கத்தை ஊகித்து உள்ளே வருவது முடியாத காரியம்.

சுவரை உடைப்பது கடினம், செலவும் அதிகம். அதனால் திருடர்கள் சுவரை விட்டுவிட்டு, கதவைத் திறக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஆளிடம் வருகிறார்கள். இன்று போன் மோசடிகளில் பெரும்பகுதி நம்மிடமிருந்து ஒரு ‘சரி’யை வாங்கும் முயற்சிதான். எந்தெந்த இடத்தில் நம் ‘சரி’ ஒரு சாவியாகிறது என்று தெரிந்துகொள்வதே பாதுகாப்பின் பெரும்பங்கு.

கொடுக்கக் கூடாத அனுமதி

முதலாவது இடம், பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடைக்கு வெளியே வரும் செயலி. இந்தியாவில் 2024இன் இறுதியில் கல்யாண அழைப்பிதழ் என்று வட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் திறந்து காசை இழந்தவர்கள் பலர். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும். அது ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி. நிறுவியதும் அது கேட்கும் முக்கியமான அனுமதி, அண்ட்ரொய்ட்டின் அணுகல்தன்மைச் சேவை. பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டவும், விரலை அசைக்க முடியாதவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உண்டாக்கப்பட்ட அருமையான வசதி அது. அதே காரணத்தால், அதைப் பெற்ற செயலி எல்லா வீட்டுக்குள்ளும் பார்க்கலாம், உங்கள் விரலாகவே நடிக்கலாம்: வங்கிச் செயலியைத் திறக்கும், தொகையை எழுதும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடான ஓடீபியைப் படிக்கும், ‘உறுதிசெய்’ என்பதை அழுத்தும். 2022இல் வந்த அண்ட்ரொய்ட் 13, கடைக்கு வெளியிலிருந்து வந்த செயலிகளுக்கு இந்த அனுமதியைத் தடுத்து வைக்கிறது. உடனே மோசடிக்காரர்கள், தொலைபேசியில் பேசியபடியே அந்தத் தடையை நீக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். போனில் பேசிக்கொண்டே அமைப்புகளை மாற்றச் சொல்லும் எவரும் வங்கி அதிகாரி இல்லை.

இரண்டாவது, ஒன்லைன் கடன் செயலிகள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் இவற்றிடம் போனவர்கள் ஏராளம். சில செயலிகள் கடன் கொடுக்கும் முன் தொடர்புப் பட்டியலுக்கும் படங்களுக்கும் அனுமதி கேட்டன. தவணை தவறியதும் உறவினர், வேலைத்தலத்தார் என்று எல்லோருக்கும் அவமானப்படுத்தும் அழைப்புகள் போயின. கடன் தருபவருக்கு உங்கள் மாமியின் இலக்கம் எதற்கு என்ற கேள்வியை 2023 மே 31 முதல் கூகுளே தன் விதியாக்கிவிட்டது: தனிநபர் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையோ படங்களையோ தொடக் கூடாது. கடைக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலியை அந்த விதி கட்டுப்படுத்தாது.

சிம்முக்கும் பூட்டு உண்டு

வங்கிகள் ஓடீபியை எஸ்எம்எஸ் வழியாக அனுப்புகின்றன. முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3ஆம் திகதி போனது. அந்த முறை பாதுகாப்பை மனத்தில் வைத்து எழுந்ததே இல்லை. அனுப்புபவரின் பெயர் என்ற இடத்தில் வருவது ஒரு எழுத்துத் தொடர் மட்டுமே. அதைப் போலியாக இடலாம். போலிச் செய்தி உண்மையான வங்கிச் செய்திகளின் கீழேயே வரிசையாக வந்து நிற்பது அதனால்தான். இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில் “உங்கள் பொதி நிற்கிறது, முகவரியைச் சரிசெய்யுங்கள்” என்று வரும் செய்திகளும் இந்த வகை. அவற்றில் உள்ள லிங்கைப் பார்க்கும்போது, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே இடப்பக்கத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள். அதுதான் உண்மையான முகவரி. தபால், அரசு, வங்கி என்ற சொற்கள் வேறெங்கு இருந்தாலும் அவை அலங்காரம்.

சிம்மைச் சுற்றி இன்னும் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, நட்சத்திரத்தில் தொடங்கும் ஒரு குறியீட்டை அழுத்தச் சொல்வது. அழைப்புகளை வேறு இலக்கத்துக்குத் திருப்பும் கட்டளையாக அது இருக்கலாம். பிறகு குரல் அழைப்பில் வரும் ஓடீபி நேரே அங்கே போகும். அப்படி ஏதாவது நடந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்துங்கள். எல்லாத் திருப்பல்களும் நீங்கும். மற்றது, சிம்மையே மாற்றுவது. நிறுவன ஊழியரை ஏமாற்றி உங்கள் இலக்கத்துக்குப் புதிய சிம் வாங்கிவிடுவார்கள். 2019 ஓகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே இப்படி அவரது இலக்கத்தைக் கைப்பற்றியதால்தான் பறிபோனது.

போன் களவு போனால், பூட்டிய திரையோடு திருடன் மல்லுக்கட்டத் தேவையில்லை. சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டால் ஓடீபிகள் அங்கே வரும். இதற்கு மருந்து மிகப் பழையது, சிம் பின். அமைப்புகளில் அதை இயக்கினால், போனை அணைத்துப் போடும்போதும் சிம்மை வேறு போனில் இடும்போதும் அந்த இலக்கத்தைக் கேட்கும். மூன்று முறை பிழைத்தால் எட்டு இலக்க பியூகே வேண்டும். அதிலும் பத்து முறை பிழைத்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். அதை இயக்கும் முன் நிறுவனத்திடம் இப்போதுள்ள பின்னையும் பியூகேயையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

155 பஸ்ஸில் தோளுக்கு மேலே

காலை நேரம் மட்டக்குளியிலிருந்து போகும் 155ஆம் இலக்க பஸ்ஸில் நிற்பவரின் கண்ணுக்கு, உட்கார்ந்திருப்பவரின் திரை நேர் கீழே இருக்கும். இங்கே கோடு இழுத்துத் திறக்கும் பூட்டு ஆபத்தானது. ஒன்பது புள்ளிகளில் 3,89,112 கோலங்கள் சாத்தியம். எண்ணிக்கையில் நான்கு இலக்கத்தைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் மனிதக் கண் கோலத்தை எளிதில் பிடித்துவிடுகிறது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட பரிசோதனையில், ஆறு புள்ளிக் கோலத்தை ஒரே தடவை பார்த்தவர்களில் சுமார் 64 வீதமானோர் அதைத் திரும்ப வரைந்தார்கள். ஆறு இலக்க எண்ணை ஒரே தடவையில் பிடித்தவர்கள் சுமார் 11 வீதம்தான். வெளியிடத்தில் கைரேகையால் திறப்பதன் பெரிய நன்மையும் இதுவே: யாரும் பார்த்துப் படிக்க எதுவும் இல்லை.

பழைய போனும் பழைய சேவையகமும்

எல்லாக் களவும் நம் சம்மதத்தோடு நடப்பதில்லை. மென்பொருளில் ஓட்டைகள் உண்டு. 2015இல் அண்ட்ரொய்ட்டில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற ஓட்டை வெளிவந்தது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், உள்ளே நுழைய வழி இருந்தது. அதன் பிறகுதான் கூகுள் ஒவ்வொரு மாதமும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. அமைப்புகளில் ‘பாதுகாப்புப் புதுப்பிப்பு’ என்ற இடத்தில் ஒரு திகதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால், அதற்குப் பிறகு உலகத்துக்கே தெரிந்துவிட்ட ஓட்டைகள் உங்கள் போனில் இன்னும் திறந்திருக்கின்றன.

இலங்கையில் இதற்கு ஒரு தனிக் காரணமும் சேர்ந்தது. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி 623 இறக்குமதிப் பொருட்களுக்கு நூறு வீத ரொக்க வைப்பைக் கட்டாயமாக்கியபோது, கைத்தொலைபேசியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. புதுப் போன் எட்டாத விலையாயிற்று. மக்கள் பழையதைத் திருத்தித் திருத்திப் பாவித்தார்கள். அரசாங்கமும் அப்படித்தான் செய்தது. 2023 ஓகஸ்டில் லங்கா அரச மேகக்கணினியை மீட்புப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கியது. 2013 பதிப்பு மின்னஞ்சல் மென்பொருள், பணமின்மையால் புதுப்பிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. தனியே எடுத்து வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவே இல்லை. அரசுக்குப் பொருந்தும் பாடம் நமக்கும் பொருந்தும். பழைய மென்பொருளும் பெக்கப் இன்மையும் சேரும்போதுதான் இழப்பு நிரந்தரமாகிறது.

அடுத்த முறை போன் வாங்கும்போது கெமராவின் மெகாபிக்சலைக் கேட்கும் முன் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். 2023இல் கூகுளின் பிக்சல் 8உம் 2024இல் சாம்சுங்கின் எஸ்24உம் ஏழு வருடம் என்று அறிவித்தன. மலிவான போன்களில் இது இரண்டு, மூன்று வருடத்தில் முடிந்துவிடலாம். அப்டேட் நின்ற போன் வீட்டில் இருந்தால் அதில் பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். வங்கிச் செயலியை மட்டும் நீக்கிவிடுங்கள்.

கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புக்காக வாங்கிய டெப்லெட்டுகளின் நிலையும் இதுதான். அவை இன்று வீட்டில் எல்லோர் கையிலும் திரிகின்றன. அவற்றில் அம்மாவின் ஜிமெயிலும் அப்பாவின் வட்ஸ்அப்பும் திறந்தபடி கிடக்கும். பல அண்ட்ரொய்ட் டெப்லெட்டுகளில் பிள்ளைக்கு ஒரு தனிப் பயனரை உண்டாக்கலாம். வட்ஸ்அப்பின் ‘இணைத்த சாதனங்கள்’ பட்டியலை மாதம் ஒரு முறை பார்த்து, தெரியாததை வெளியேற்றுவது நல்லது. யாராவது ஏமாற்றி உங்கள் கணக்கைத் தங்கள் கணினியோடு இணைத்திருந்தாலும் அங்கேதான் தெரியும்.

தடை வரும்போது வரும் ஆபத்து

2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. ஒவ்வொரு முறையும் மக்கள் இலவச விபிஎன் செயலிகளை அள்ளி நிறுவினார்கள். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுப்பது. 2016இல் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 283 அண்ட்ரொய்ட் விபிஎன் செயலிகளைப் பரிசோதித்தபோது, 38 வீதத்தில் தீநிரலின் அறிகுறி இருந்தது. 18 வீதம் போக்குவரத்தைக் குறியாக்கமே செய்யவில்லை. அன்று நிறுவியது இன்னும் போனில் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மறுபுறம், பொது இடத்துச் சார்ஜர் தரவைத் திருடும் என்ற பயம் பெரிதாகப் பேசப்படுகிறது. இன்றைய போன்கள் உங்களைக் கேட்காமல் கேபிள் வழியாகத் தரவைக் கொடுப்பதில்லை. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் உண்மையான ஆபத்துத்தான். 2019இல் வட்ஸ்அப் அழைப்பு ஒன்றின் மூலமே சுமார் 1,400 பேரின் போன்கள் குறிவைக்கப்பட்டன. ஆனால் அது விலை மிகுந்த ஆயுதம். ஊடகவியலாளர், செயற்பாட்டாளர் போன்றோரை நோக்கியே பெரும்பாலும் போகிறது. ஐபோன் பாவிக்கும் அத்தகையவர்களுக்கு 2022 முதல் லொக்டவுன் நிலை என்ற வசதி இருக்கிறது.

போன் தொலைந்தாலோ காசு போனாலோ ஒழுங்கு முக்கியம். முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள். அடுத்தது தொலைபேசி நிறுவனத்தில் சிம்மைத் தடைசெய்யுங்கள். பிறகு வேறொரு சாதனத்தில் கூகுள் அல்லது அப்பிள் கணக்குக்குள் போய்த் தொலைந்த போனைப் பூட்டுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்ய 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசனைக்கு ஸ்ரீலங்கா சேர்ட்டின் இலக்கம் 101. வெட்கப்பட்டு மறைக்க இதில் எதுவும் இல்லை: 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, பிறர் கணக்குக்குள் இப்படி நுழைவது குற்றம். 2024 ஒக்டோபரில் இணைய மோசடி தொடர்பில் இலங்கையில் கைதான வெளிநாட்டவர் மட்டும் இருநூறுக்கு மேல். எதிரே இருப்பது முழுநேரத் தொழிலாக இதைச் செய்கிற கூட்டம்.

எந்த மொழியில் ‘சரி’ சொல்கிறோம்?

இவ்வளவு எச்சரிக்கையும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடிய வேண்டும். ஓடீபியோடு வரும் ‘யாருக்கும் சொல்ல வேண்டாம்’ என்ற வரி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசும் ஒரு மூதாட்டிக்கு அதில் விளங்குவது அந்த ஆறு இலக்கம் மட்டுமே. காவல் இல்லாத சாவியாக அது அவர் கைக்கு வருகிறது. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுப்பது பிள்ளைகளால் இன்றைக்கே செய்யக்கூடியது. அனுமதி கேட்கும் பெட்டி அப்போது தமிழில் வரும்.

வங்கிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 இடம் கொள்ளும். தமிழ் எழுத்துக்குப் போனால் 70தான். ஆங்கில வாசகத்தை அப்படியே தமிழாக்கினால் இரண்டு, மூன்று எஸ்எம்எஸ் ஆகும், செலவும் கூடும். ஆனால் “இதை யாருக்கும் சொல்லாதீர்கள்” என்ற வாசகம், புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணினாலும், 28 இடம்தான். ஆறு இலக்கமும் ஓர் இடைவெளியும் சேர்த்தால் 35. சரியாகப் பாதி. வங்கியின் பெயரையும் தொகையையும் எழுத மற்றப் பாதி மீதம் இருக்கிறது. 1987 முதல் தமிழும் அரச கரும மொழியாக உள்ள நாட்டில், ஒரே ஒரு எஸ்எம்எஸ்ஸின் செலவில் இதைச் செய்யலாம்.